பிரிண்டருக்கும் ஒரு முகவரி உண்டு

பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் இருபது கம்ப்யூட்டர்கள் இருக்கும். பிரிண்டர் ஒன்றுதான் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிரிண்ட் கொடுத்தாலும் மூலையில் இருக்கும் அந்தப் பிரிண்டர்தான் தாளைத் தள்ளுகிறது. இருபது பேரும் ஒரே சமயத்தில் கொடுத்தால்கூட, ஒருவர் பக்கத்தில் இன்னொருவரின் வரி வந்து கலப்பதில்லை. சில வீடுகளில் அம்மா போனிலிருந்து அனுப்பும் பக்கம் அடுத்த அறையில் அச்சாகி விழுகிறது. நடுவில் ஒரு கம்பிகூடக் கிடையாது. இதெல்லாம் எப்படி நடக்கிறது?

முதலில் யுஎஸ்பி கேபிளில் மாட்டிய பிரிண்டரைப் பார்ப்போம். அது ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குச் சொந்தம். அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் வேறு யாராலும் அதில் அச்சடிக்க முடியாது. கேபிளையும் நீட்டிக்கொண்டே போக முடியாது. பரவலாகப் புழங்கும் யுஎஸ்பி 2.0 வகைக்கு 5 மீட்டர்தான் எல்லை. நெட்வொர்க் பிரிண்டர் வேறு ரகம். அதற்குள்ளேயே ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குப் புராசஸர் உண்டு, நினைவகம் உண்டு, வெளியிலிருந்து வரும் செய்தியைக் கேட்டுப் பதில் சொல்லவும் தெரியும். அதனால் எந்தக் கம்ப்யூட்டரையும் நம்பியிராமல், நெட்வொர்க்கில் தானும் ஓர் உறுப்பினராகச் சேர்ந்துகொள்கிறது.

நாம் இன்று லேன் கேபிள் என்று சொல்கிறோமே, அதன் கதையே ஒரு பிரிண்டரை ஒட்டித்தான் தொடங்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' என்ற ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே 1971-இல் கேரி ஸ்டார்க்வெதர் என்ற பொறியாளர், நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றுக்குள் லேசர் கதிரைப் புகுத்தி லேசர் பிரிண்டரை உருவாக்கினார். நொடிக்கு ஒரு பக்கம், ஓர் அங்குலத்துக்கு 500 புள்ளிகள். இன்றைக்கும் வீட்டுப் பிரிண்டர்கள் பல அந்த வேகத்தை எட்டவில்லை.

1973-இல் அதே கூடத்தில் ஆல்டோ என்ற கம்ப்யூட்டர் பிறந்தது. ஒவ்வொருவர் மேசைக்கும் ஒரு கம்ப்யூட்டர் என்பது அவர்கள் எண்ணம். ஓர் அலுவலகம் முழுவதற்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் என்று இருந்த காலத்தில் இது துணிச்சலான யோசனை. ஆனால் மேசைக்கு மேசை லேசர் பிரிண்டரும் வைக்க முடியுமா? அவ்வளவு பெரிய, விலை கூடிய இயந்திரத்தை எல்லோரும் பகிர்ந்துகொண்டுதான் ஆக வேண்டும். எல்லா ஆல்டோக்களையும் அந்தப் பிரிண்டரோடு சேர்க்க ஒரு வழி தேவைப்பட்டது. அது வேகமான வழியாகவும் இருக்க வேண்டும்.

எவ்வளவு வேகம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தாள் 8.5 அங்குல அகலம், 11 அங்குல நீளம். பரப்பு 93.5 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்தில் 500 × 500, அதாவது 2,50,000 புள்ளிகள். பெருக்கினால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 34 லட்சம் புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா, வெள்ளையா என்று சொல்ல ஒரு பிட் வேண்டும். நொடிக்கு 9,600 பிட் கடத்தும் கம்பியில் இத்தனையையும் அனுப்பினால் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். பிரிண்டர் ஒரு நொடியில் அச்சடிக்கும். ஆனால் அச்சடிக்க வேண்டியது வந்து சேர நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும்!

இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டவர் பாப் மெட்காஃப் என்ற இளைஞர். அவருக்கு வழிகாட்டியது ஹவாய்த் தீவுகளில் நடந்த ஒரு முயற்சி. பசிபிக் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு இடையே கம்பி இழுப்பது எளிதா? அதனால் ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் 1971-இல் வானொலி அலைகளால் கம்ப்யூட்டரோடு பேசும் 'அலோஹா' நெட்வொர்க்கை அமைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. யாருக்குச் செய்தி இருக்கிறதோ அவர் அனுப்பிவிடலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் அலைகள் மோதி இரண்டு செய்தியும் கெட்டுவிடும். 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால், கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு கருவியும் குருட்டாம்போக்கில் முடிவு செய்யும்.

ஏன் குருட்டாம்போக்கு? கல்யாண வீட்டுக் கூடத்தில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச வாயெடுக்கிறார்கள். இருவரும் சட்டென்று நிறுத்துகிறார்கள். இருவரும் சரியாக ஒரே அளவு நேரம் காத்திருந்தால் மறுபடியும் சேர்ந்தேதான் தொடங்குவார்கள். இந்த மோதல் முடிவுக்கே வராது. ஒருவர் சற்று முந்தினால்தான் பேச்சு நடக்கும். கருவிகளுக்கும் அதுதான்.

அலோஹாவில் ஒரு குறை இருந்தது. நெரிசல் கூடினால் மோதல்கள் பெருகும். எவ்வளவு முயன்றாலும் அலைவரிசையின் திறனில் நூற்றுக்கு 18 பங்குக்கு மேல் பயன்படுத்த முடியாது. மெட்காஃப் இரண்டு விதிகளைச் சேர்த்தார். பேசும் முன் கேள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறு. பேசும்போதும் கேள், மோதல் என்று தெரிந்தால் உடனே நிறுத்து. நெரிசல் கூடக்கூடக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளச் சொன்னார். 1973 மே 22 அன்று இந்த யோசனையை ஒரு குறிப்பாக எழுதி, அதற்கு ஈதர்நெட் என்று பெயரிட்டார். டேவிட் போக்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். ஒரே தடித்த கேபிள். அதில் ஆங்காங்கே ஆல்டோக்களும் பிரிண்டரும். நொடிக்கு 29 லட்சத்து 40 ஆயிரம் பிட் வேகம். மேலே போட்ட அதே கணக்கை இந்த வேகத்தில் போட்டுப் பாருங்கள். 40 நிமிடம் 8 நொடியாகச் சுருங்கிவிடும்.

காத்திருக்கும் கணக்கு பின்னால் ஒரு தர விதியாகவே எழுதப்பட்டது. முதல் மோதலுக்குப் பிறகு 0, 1 இரண்டில் ஓர் எண்ணை எடுத்து அத்தனை பங்கு நேரம் காத்திருக்க வேண்டும். மறுபடி மோதினால் 0 முதல் 3 வரை ஓர் எண். அடுத்தது 0 முதல் 7 வரை. பத்தாவது மோதலில் 0 முதல் 1,023 வரை போய்விடும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கைவிட்டுவிட வேண்டும். நொடிக்கு ஒரு கோடி பிட் வேக ஈதர்நெட்டில் ஒரு பங்கு நேரம் என்பது 51.2 மைக்ரோ நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் மைக்ரோ நொடி. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, இதில் தலைமைக் கருவி என்று எதுவும் இல்லை என்பது. யாரும் யாருக்கும் உத்தரவு போடாமல், எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றுவதாலேயே எல்லோருக்கும் முறை கிடைக்கிறது.

இனி இன்றைய லேன் கேபிளைக் கையில் எடுப்போம். முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிளக் இருக்கும். அதன் தகடுகள் மேலே தெரியும்படி பிடித்து உள்ளே பாருங்கள். எட்டுக் கம்பிகள் வரிசையாக நிற்கும். பெரும்பாலான கேபிள்களில் இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று இருக்கும். பிளக்கைத் தாண்டி உறைக்குள் இவை நான்கு ஜோடிகளாக, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகின்றன. பச்சை ஜோடி மட்டும் பிளக்கில் நீல ஜோடிக்கு இருபுறமும் பிரிந்து நிற்பதைக் கவனித்தீர்களா? நொடிக்கு 10 கோடி பிட் வேகத்தில் ஓடும் பிரிண்டர்களுக்கு ஆரஞ்சும் பச்சையும் மட்டுமே போதும்: ஒரு ஜோடி அனுப்ப, ஒரு ஜோடி பெற. நீலமும் பழுப்பும் சும்மா இருக்கும். நொடிக்கு 100 கோடி பிட் வேகம் வேண்டுமென்றால்தான் நான்கும் வேலை செய்யும்.

கம்பிகளை ஏன் முறுக்க வேண்டும்? பக்கத்தில் ஓடும் மின்விசிறி, டியூப் லைட், கரண்ட் வயர் எல்லாம் கேபிளுக்குள் மின் இரைச்சலைத் தூண்டும். முறுக்கிய ஜோடியில் அந்த இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கும். பெறுகிற கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 7-லிருந்து 2-ஐக் கழித்தால் 5. இரண்டோடும் 3-ஐக் கூட்டி, 10-லிருந்து 5-ஐக் கழித்தாலும் அதே 5-தான். இரைச்சல் கழிந்துவிடுகிறது, செய்தி தங்கிவிடுகிறது. அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் டெலிபோன் கம்பிகளுக்காக 1881-லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. இப்படிப்பட்ட கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். ஒரு பள்ளிக் கட்டடத்துக்குத் தாராளம்.

கேபிளின் ஒரு முனை பிரிண்டரில், மறுமுனை கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான ரவுட்டரிலோ சுவிட்சிலோ. மாட்டியதும் பிரிண்டருக்கு ஒரு முகவரி வேண்டும். உண்மையில் இரண்டு முகவரிகள். ஒன்று, தொழிற்சாலையிலேயே பதிந்து வருவது. மேக் முகவரி என்பார்கள். 48 பிட் நீளம். அதை 0 முதல் 9 வரையான இலக்கங்களாலும் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளாலும் 12 இடங்களில் எழுதுவார்கள். வழக்கமாக முதல் ஆறு இடங்கள் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். மற்றது ஐபி முகவரி. 'நான் புதிதாக வந்திருக்கிறேன், எனக்கு எண் கொடுங்கள்' என்று பிரிண்டர் கேட்க, ரவுட்டர் 192.168.1.7 என்பதுபோல ஒன்றைத் தரும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டுப் பிரிண்டருக்கும் பக்கத்து வீட்டுப் பிரிண்டருக்கும் ஒரே எண் இருந்தாலும் குழப்பம் வராது.

முகவரி கிடைத்தபின் அனுப்புவது சுலபம். பெரிய படத்தையோ பாடத்தையோ ஒரே மூச்சில் யாரும் அனுப்புவதில்லை. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தில் 1,500 பைட் வரை போகும். அதில் முகவரி, வரிசை எண் போன்ற விவரங்கள் 40 பைட் எடுத்துக்கொண்டால் சரக்குக்கு 1,460 பைட் மிஞ்சும். பத்து லட்சம் பைட் அளவுள்ள படம் 685 பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒன்று தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். வரிசை எண் இருப்பதால் முன்பின்னாக வந்தாலும் பிரிண்டர் அடுக்கிக்கொள்ளும். யாரிடமிருந்து வந்தது என்பதும் பொட்டலத்திலேயே இருப்பதால், உங்கள் பக்கத்தில் நண்பனுடைய வரி கலக்க வழியில்லை. இருபது பேர் கொடுத்த வேலைகளும் வரிசையில் நிற்கும். ஒன்று முடிந்தபின் அடுத்தது அச்சாகும்.

'தாள் தீர்ந்துவிட்டது', 'தாள் சிக்கிக்கொண்டது' என்று பிரிண்டர் நமக்குத் திருப்பிச் சொல்வதும் இதே வழியில்தான். இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். பிரிண்டர் வேறு மாடியில். பிரிண்ட் கொடுத்துவிட்டு அங்கே போய்ப் பார்த்தால், தாள் சிக்கி எல்லார் வேலையும் நின்றுகிடக்கும். பழைய பிரிண்டரில் அவர் நிரலைத் திருத்தி, சிக்கல் வந்தால் காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் செய்தி போகும்படி செய்திருந்தார். புதிதாக வந்த பிரிண்டரின் நிரலை யாரும் அவருக்குக் காட்டவில்லை, திருத்த முடியவில்லை. நிரல்களை யாரும் படிக்கவும் திருத்தவும் உரிமை வேண்டும் என்று 1983-இல் அவர் தொடங்கிய பெரும் இயக்கத்துக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

வைஃபைக்கு வருவோம். 1997-இல் அதற்கான முதல் தர விதி வெளியானபோது வேகம் நொடிக்கு 20 லட்சம் பிட்தான். இப்போது பல மடங்கு. பொட்டலம், ஐபி முகவரி, வரிசை எல்லாம் கேபிளில் இருப்பதேதான். போகும் வழி மட்டும் காற்று. கேபிளை மாட்டினால் சேர்ந்தாயிற்று. காற்றில் அப்படிச் சேர முடியாதல்லவா? எந்த நெட்வொர்க், என்ன பாஸ்வேர்ட் என்பதைப் பிரிண்டருக்குச் சொல்ல வேண்டும். திரை உள்ள பிரிண்டரில் நேராகத் தட்டிவிடலாம். திரை இல்லாதவற்றில் பல, முதன்முறை போட்டதும் தாமே ஒரு தற்காலிக வைஃபையை உண்டாக்கும். போன் அதில் சேர்ந்து வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒப்படைக்கும். சில ரவுட்டர்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் பொத்தானையும் அழுத்தினால் இரண்டும் தாமே பேசிச் சேர்ந்துகொள்ளும்.

கேபிளில் இன்று மோதல் அநேகமாக இல்லை. சுவிட்ச் வந்தபின் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கேபிள், அனுப்பவும் பெறவும் தனித்தனிப் பாதை. ஆனால் காற்று எல்லோருக்கும் பொது. ஹவாய்க்காரர்களின் சிக்கல் அங்கே அப்படியே இருக்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. வைஃபை கருவி பேசும்போது அதன் சொந்த அலையே பலமாக இருப்பதால், அதே அலைவரிசையில் தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலை அதற்குக் கேட்காது. மோதியதா என்று அந்த நேரத்தில் தெரியாது. அதனால் மோதியபின் நிறுத்துவதைவிட, மோதாமல் பார்த்துக்கொள்கிறது. அமைதியாக இருந்தாலும் உடனே தொடங்காமல் குருட்டாம்போக்காகச் சற்றுப் பொறுத்துவிட்டுத்தான் பேசும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'கிடைத்தது' என்ற பதில் வருகிறதா என்று பார்க்கும்.

2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் என்று ரவுட்டர் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலாவதன் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ., மற்றதற்கு சுமார் 6 செ.மீ. நீண்ட அலை சுவரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு போகும்; குட்டை அலையில் வேகம் கூடுதல். விலை குறைந்த பிரிண்டர்களில் பல 2.4-ஐ மட்டுமே அறிந்தவை. உங்கள் போன் 5-இல் இருந்தாலும் கவலை வேண்டாம்; ஒரே ரவுட்டர் என்றால் அது இரண்டையும் இணைத்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-க்கு அருகிலேயே வேலை செய்வதால் அதன் பக்கத்தில் பிரிண்டரை வைக்காதீர்கள். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்களும் அலையை நன்றாகவே தடுக்கும்.

போனில் பிரிண்ட் என்று தட்டியதும் பிரிண்டரின் பெயர் தானாகத் தோன்றுகிறதே, அது எப்படி? போன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு 'இங்கே அச்சடிக்கத் தெரிந்தவர் யார்?' என்று ஒரு கேள்வியை அனுப்புகிறது. பிரிண்டர் தன் பெயரையும் முகவரியையும் பதிலாகச் சொல்கிறது. இந்தக் கேள்வி அந்த நெட்வொர்க்கைத் தாண்டி வெளியே போகாது. போன் மொபைல் டேட்டாவில் இருந்தாலோ, விருந்தினருக்கான தனி வைஃபையில் இருந்தாலோ பிரிண்டர் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

நேற்றுவரை அச்சடித்த பிரிண்டர் இன்று 'ஆஃப்லைன்' என்று காட்டுவதற்கும் முகவரியே அடிக்கடி காரணமாகிறது. ரவுட்டர் தரும் ஐபி முகவரி நிரந்தரம் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்குக் கடன்தான். கரண்ட் போய் வந்தபின் பிரிண்டரின் முகவரியில் கடைசி எண்ணாக 7-க்குப் பதில் 12 கிடைத்திருக்கலாம். கம்ப்யூட்டரோ 7-ஐயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பிரிண்டரின் மேக் முகவரியை ரவுட்டரில் குறித்து, 'இவருக்கு எப்போதும் இந்த எண்ணையே கொடு' என்று பதிந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

முகவரி இருக்கும் எதையும் கெட்ட எண்ணம் உள்ளவர்களும் தேடி வரலாம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2018-ஆம் ஆண்டின் கடைசியில், இணையத்தில் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான பிரிண்டர்களைக் கண்டுபிடித்து, ஒரு யூடியூபருக்கு ஆதரவான விளம்பரத்தை யாரோ அச்சடிக்க வைத்தார்கள். பல நாடுகளில் யாரும் கேட்காத தாள்கள் வந்து விழுந்தன. பிரிண்டரை நெட்வொர்க்கில் சேர்த்த கையோடு, தொழிற்சாலை போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

கேபிளா, வைஃபையா? வீட்டில் வாரத்துக்கு நாலு பக்கம் அச்சடிக்க வைஃபை போதும். பள்ளி, அலுவலகம் போல நிறையப் பேர் நம்பியிருக்கும் இடத்தில் கேபிள்தான் சரி. பிரிண்டர் இருந்த இடத்தைவிட்டு நகரப்போவதில்லை. நகராத கருவிக்குக் காற்றில் ஏன் போட்டி? காற்றிலுள்ள இடம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மிச்சமாகட்டும்.

அடுத்த முறை லேபுக்குப் போகும்போது ஆசிரியரின் அனுமதியோடு, பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சடித்துப் பாருங்கள். மேக் முகவரி, ஐபி முகவரி இரண்டும் அதில் இருக்கும். அந்த ஐபி முகவரியை அதே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டரின் பிரௌசரில் தட்டினால், பெரும்பாலான பிரிண்டர்கள் தங்களுக்கென்று ஒரு பக்கத்தைத் திறந்து, மை எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைக் காட்டும்.